நம்ப வைத்த குற்றம்

பரமத்தி வேலூரில் பஸ் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருச்செங்கோடு. மலை மேலே அர்த்தநாரீஸ்வரர். வைகாசியில் தேர். இதெல்லாம் நிஜம். காளி, பொன்னா என்று ஒரு தம்பதி அந்தப் பக்கத்தில் வாழ்ந்தார்களா? இல்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலில் மட்டும்தான் வாழ்ந்தார்கள்.

ஆனால், நம்பிவிட்டார்களே!

நான் பி.காம். படித்தவன். டீ செலவு, ஆட்டோ செலவு என்று சில்லறை வவுச்சர்கள் சரியாக இருந்தால், கணக்குப் பார்க்கிறவர் பெரிய தொகையையும் டிக் அடித்துவிடுவார். நாவல் படிக்கும் நீங்களும் நானும் அப்படித்தான். காளி நட்ட பூவரச மரம், அவனுடைய தொண்டுப்பட்டி, கொங்குப் பேச்சு... எல்லாம் கச்சிதம். அப்புறம் வருகிறது பெரிய தொகை. பிள்ளையில்லாத பெண், திருவிழா இரவொன்றில் முகமறியாத ஆணோடு கூடி வரம் பெறலாம் என்கிற வழக்கம். அதையும் நம்பிவிடுகிறோம்.

இது பழைய வித்தை. 1719-ல் ‘ராபின்சன் குரூசோ’ வந்தபோது, டேனியல் டீஃபோ தன் பெயரையே போடவில்லை. குரூசோவே எழுதியதாக முகப்பில் அச்சடித்தார்!

2010-ல் வந்த ‘மாதொருபாகன்’ நான்கு வருஷம் சத்தமில்லாமல் இருந்தது. 2014 டிசம்பரில் அதை எரித்தார்கள். ‘எங்க ஊரை, எங்க பொம்பளைங்களைக் கேவலப்படுத்திட்டார்’ என்று கொதித்தார்கள். ஊர்ப்பெயர் நிஜம் என்பதால் கதையும் நிஜமாகிவிட்டது, காயமும்தான். 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக ஃபேஸ்புக்கில் அறிவித்தார் பெருமாள்முருகன்.

2016 ஜூலை 5. அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்க வாசகருக்கு உரிமை உண்டு. எழுதியவரின் வாயை மூட இல்லை.

அதே வருஷம் ‘பூனாச்சி’ எழுதினார். நாயகி, ஒரு வெள்ளாட்டுக் குட்டி! மனிதர்களைப் பற்றி எழுத அத்தனை பயம். ஆனாலும் படித்துப் பாருங்கள். ஆடு வளர்த்தவர் எவரும், ‘இது நம்ம பட்டியில நடந்ததுதானுங்க’ என்பார்.

வவுச்சர்கள் அத்தனையும் சரி. படிக்கும்போது தாராளமாக நம்புங்கள். புத்தகத்தை மூடிய பிறகு, அது கதை என்பதையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.