மிட்டாய்க்காரரின் உரலும் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பும்

லண்டன், விக்மோர் ஸ்ட்ரீட். பிரிட்ஜ்மேன்னு ஒரு மிட்டாய்க்காரர். அவரோட கிச்சன்ல ரெண்டு பெரிய பளிங்கு உரல். ஒண்ணு 60 வருஷத்துக்கும் மேலா அதே இடத்துல இருக்கு, இன்னொண்ணு 26 வருஷத்துக்கும் மேலா. 1865-ல பக்கத்து விம்போல் ஸ்ட்ரீட்டுக்கு ஸ்டர்ஜஸ்னு ஒரு டாக்டர் குடிவந்தார். எட்டு வருஷம் எந்தப் பிரச்னையும் இல்லை. அப்புறம் தோட்டத்துக் கோடியில, சரியா அந்தக் கிச்சன் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஒரு அறை கட்டினார். நெஞ்சுல வைச்சுக் கேட்டா, துடிக்கிறது இதயமா உலக்கையான்னு தெரியலை! கேஸ் போட்டார்.

நம்ம மனசு மிட்டாய்க்காரர் பக்கம்தான் போகும், இல்லையா? அவர்தானே முதல்ல வந்தவர். 20 வருஷத்துக்கு மேல செஞ்சா அது உரிமைன்னு அவர் தரப்பும் வாதாடியது. 1879-ல் அப்பீல் கோர்ட் ஏற்கவில்லை. அறை கட்டும்வரை அந்தச் சத்தம் யாரையும் பாதிக்கவில்லை, அதனால் அந்த 20 வருஷக் கணக்கே ஓடவில்லை என்றது. உரலை நிறுத்தச் சொல்லி உத்தரவு.

1960-ல் ரொனால்ட் கோஸ் இதே கேஸைக் கையில் எடுத்தார். (1991-ல் நோபல் வாங்கியவர்.) உரல் இடிச்சா டாக்டருக்கு நஷ்டம், நிறுத்தினா மிட்டாய்க்காரருக்கு நஷ்டம். தொந்தரவு ரெண்டு பக்கமும்தான் என்றார்.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். உரலால் மிட்டாய்க்காரருக்கு வருஷம் 100 பவுண்டு லாபம், சத்தத்தால் டாக்டருக்கு 60 பவுண்டு நஷ்டம். டாக்டர் ஜெயிச்சாலும், மிட்டாய்க்காரர் 80 பவுண்டு கொடுத்து உரலை ஓட்டலாம். டாக்டர் தோத்தாலும் உரல் ஓடும். தீர்ப்பு எப்படி வந்தாலும் உரல் நிக்காது. யார் பையிலிருந்து காசு போகுதுங்கிறது மட்டும்தான் மாறும்.

அந்த 'மட்டும்தான்' எனக்கு உறுத்துது. பிரிட்ஜ்மேனுக்கு அதுதானே பிழைப்பு!

அதோட, இது ரெண்டு பேர் உட்கார்ந்து பேரம் பேசுற கதை. ஒரு ஃபேக்டரி புகை, பத்தாயிரம் வீடுன்னா யார் யார்கிட்ட பேசுவாங்க? அப்போ பேரம் நடக்காது, ஜட்ஜ் சொன்னதே நிலைக்கும். கோஸும் அதே கட்டுரையில் இதைச் சொல்றார். அவரை மேற்கோள் காட்டுறவங்க பலர் அந்தப் பகுதிக்குப் போறதே இல்லை.

இன்னொண்ணு. 1879 தீர்ப்பிலேயே ஒரு வரி வருது: மிட்டாய்க்காரர் பக்கம் தீர்ப்பு சொன்னா, குடியிருப்புக்காக நிலம் வளர்வது கெடும்னு. கோஸ் பிறக்கிறதுக்கு 31 வருஷம் முன்னாடியே!