விசைப்படகுகள்: வகையும் வேலையும்

எஞ்சின் விசையால் ஓடும் படகே விசைப்படகு. எஞ்சின் உள்ளே இருக்கிறதா, பின்பலகையில் தொங்குகிறதா, எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்து இவற்றை வகை பிரிப்பது வழக்கம். ஆனால் ஒரு படகு எந்த வேலைக்கு உதவும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் அடிப்பகுதியின் வடிவம். உருண்டு ஆழ்ந்த அடியுள்ள படகு நீரை விலக்கிக்கொண்டே போகிறது. வேகம் கூடக்கூட அது எழுப்பும் அலை நீள்கிறது. அலை படகளவு நீண்டதும் அணியம் மேலேறும், பின்பகுதி பள்ளத்தில் அமிழும். அதற்கு மேல் முடுக்கினால் டீசல்தான் கரையும். நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். வேகத்தில் இழந்ததை இவ்வகை பாரத்தில் ஈடுகட்டுகிறது. ஐஸ், வலை, மீன் என்று சுமந்து நின்று இழுக்கும் இழுவலைப் படகுகளுக்கு வேறு வடிவம் ஒத்துவராது.

தட்டை அடியுள்ள படகு வேகமெடுத்ததும் நீரின்மேல் எழும்பி வழுக்கி ஓடும். ஏரியிலும் காயலிலும் அது சுகம்; கடலில் ஒவ்வொரு அலையும் அடியில் அறையும். இதற்கு விடை கண்டவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட். பின்பகுதி வரை கூர்மை குறையாத ஆழ்ந்த 'வி' வடிவ அடியை அவர் அமைத்தார். 1960இல் கொந்தளித்த கடலில் நடந்த மயாமி–நாசோ பந்தயத்தில் அவ்வடிவப் படகான 'மாப்பி' வென்றது. இன்றைய ரோந்துப் படகுகள் பலவற்றில் காண்பது அதே அடிதான். அதைச் சுற்றிக் காற்றடைத்த குழாய் பொருத்தினால் மீட்புப் படகு: தத்தளிப்பவரை நெருங்கினாலும் காயப்படுத்தாது, நீர் புகுந்தாலும் மிதக்கும்.

எஞ்சினே முதன்மை என்போர் 1897இல் நீராவிச் சுழலியால் 34 நாட் எட்டிய 'டர்பினியா'வைக் காட்டுவர். ஆனால் அதன் நீளம் 30 மீட்டருக்கு மேல், அகலம் மூன்று மீட்டருக்கும் குறைவு. அந்த ஒடுக்கம் இல்லாமல் அவ்வளவு விசையும் அலையெழுப்பவே செலவாகியிருக்கும். எடை குறைந்த பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகே வழுக்கும் படகு பெருகியது என்பது வலுவான மறுப்பு; அதை ஏற்கத்தான் வேண்டும். எந்த வடிவம் சாத்தியம் என்பதை எஞ்சின் முடிவு செய்கிறது. சாத்தியமானவற்றுள் எது எந்த வேலைக்கு என்பதை வடிவமே முடிவு செய்கிறது. மின்படகில் இதைத் தெளிவாகக் காணலாம். பேட்டரியின் எடையும் குறைந்த கொள்ளளவும் வேகத்துக்குத் தடை. 2024இல் ஸ்டாக்ஹோமில் ஓடத் தொடங்கிய 30 பேர் பயணிக்கும் 'கேண்டெலா பி-12', நீருக்கடியிலுள்ள இறக்கைகளால் உடலையே மேலே தூக்கி, அந்தப் பேட்டரியைக் கொண்டே 25 நாட் வேகத்தில் போகிறது.