தூக்கம் போனதுக்கு எத்தனை பர்சென்ட்?

இங்கே சிட்னியில் ஏப்ரல் 25 ஆன்சாக் தினம். விடிவதற்கு முன்பே மார்ட்டின் பிளேஸில் கூட்டம் கூடிவிடும். போன வருஷம் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தன் அப்பாவை அழைத்து வந்திருந்தார். வியட்நாம் போய் வந்தவர். பேச்சுவாக்கில், "எனக்குத் தூக்கம் கெட்டது போராலதான்னு ஒத்துக்க வைக்கிறதுக்குள்ள எனக்குப் பாதி வயசு போயிடுச்சு" என்றார்.

எனக்குச் சட்டென்று சித்தூர் ஞாபகம் வந்துவிட்டது.

2006-ல் சித்தூரில் ஒரு வங்கிக் கிளையில் பென்ஷன் சீட்டில் இருந்தேன். நவம்பர் வந்தால் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வரிசை வாசல் வரை நிற்கும். அதில் பட்டாளத்துக்காரர்கள் நிறைய. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்த ஊர். வேலூர் பக்கம் போலவே இங்கேயும் வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரி என்று சொல்லும் கிராமங்கள் உண்டு.

அந்த வரிசையில் காணிப்பாக்கம் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் வருவார். பதினேழு வருஷம் காலாட்படையில் இருந்தவர். எதுவும் பேசமாட்டார். கூட வரும் மனைவிதான் பேசுவார், பாதி தமிழ் பாதி தெலுங்கில். ஒரு நாள் அந்த அம்மா கேட்டார்:

"சார், பக்கத்து ஊர்க்காரருக்குக் கை போச்சு. அவருக்கு பென்ஷன்ல ஊனத்துக்குன்னு தனியா வருது. இவருக்குத் தூக்கம் போச்சு சார். அதுக்கு வராதா?"

அவர் 1987-ல் அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனவர். திரும்பி வந்ததிலிருந்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாராம். திருப்பதிக்கு மூன்று முறை போய் மொட்டை போட்டார்கள். அங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டித் தூக்க மாத்திரையும் வாங்கினார்கள். அந்தச் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

பென்ஷன் ஆர்டரைப் புரட்டிப் பார்த்தேன். சர்வீஸ் பென்ஷன் மட்டும்தான். "பேப்பர்ல இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு அதற்கு மேல் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பிறகு ஆற அமரப் படித்ததைச் சொல்கிறேன்.

மனசுக்குப் பட்ட காயத்துக்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி முதல் உலகப் போரிலேயே வந்துவிட்டது. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1922-ல் பிரிட்டிஷ் விசாரணைக் குழு அந்தப் பெயரே வேண்டாம் என்றது. குண்டு பட்டவனைப் பார்த்தால் தெரியும். தூங்காதவனை எப்படி அளப்பது? போரால் வந்ததா, பிறவியிலேயே பலவீனமா? இந்தச் சந்தேகம் அப்போது ஆரம்பித்தது. வியட்நாமுக்குப் பிறகு 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பி.டி.எஸ்.டி. என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

நம் ராணுவத்தில் ஒரு சிப்பாய் வெளியே வரும்போது மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மெடிக்கல் போர்டு உட்காரும். அது இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். நோய் ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமானதா? எத்தனை சதவீதம்? 1961-ம் வருஷ பென்ஷன் விதிப்படி 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 'பணிக்குச் சம்பந்தமில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கதை முடிந்தது.

ராணுவத்தில் உடல் தகுதியை ஐந்து ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள்: எஸ், எச், ஏ, பி, இ. காது, கை கால், உடல் வலு, கண் எல்லாம் அதில் உண்டு. முதல் எழுத்து எஸ், மனசுக்கு. மனசுக்குத்தான் முதல் இடம். ஆனால் மற்றதையெல்லாம் கருவி வைத்துப் பார்க்கலாம். மனசு மட்டும் அவன் வாயைத் திறந்தால்தான் தெரியும்.

நம்மவர் வாயைத் திறக்கவில்லை. 1993-ல் போர்டு முன்னால், "ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சொன்ன காரணம் இது: "பைத்தியம்னு எழுதிட்டா பொண்ணை யாரு கட்டுவாங்க சார்?"

இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை திரும்பியது. சுமார் 1,200 பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். சென்னையில் இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழ் பேசுகிறவன், தமிழில் அழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். அதை யாரிடம் சொல்வான்?

இதைப் படிக்கிற யாழ்ப்பாணத்து நண்பர்கள் கோபப்பட்டால் அதில் நியாயம் உண்டு. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் சுடப்பட்டார்கள். சுட்டது அமைதிப் படை. அங்கே தூக்கம் போனவர்களுக்காக எந்த மெடிக்கல் போர்டும் உட்காரவில்லை. அதை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை.

சட்டம் உண்மையில் சிப்பாய் பக்கம்தான் சாய்ந்திருந்தது. 1982-ம் வருஷ விதிகள் என்ன சொல்கின்றன? சேரும்போது நோய் என்று குறிக்கவில்லையென்றால், அவன் நல்ல உடம்போடும் மனசோடும் சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் அவன் மேல் இல்லை. சந்தேகம் வந்தால் பலன் அவனுக்கு. ஆனாலும் 2013-ல் தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. வலிப்பு நோய் என்று சொல்லி 1994-ல் அனுப்பப்பட்டவர் அவர். ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில், காரணம் எழுதாத போர்டு அறிக்கை செல்லாது என்று 2025 மே மாதம் அதே நீதிமன்றம் சொன்னது.

இதெல்லாம் நம்மவருக்கு உதவியிருக்குமா? நேர்மையாகச் சொன்னால், கஷ்டம்தான். தரம்வீர் சிங்கின் காகிதத்தில் நோயின் பெயராவது இருந்தது. இவர் காகிதத்தில் 'நல்ல ஆரோக்கியம்' என்று இருந்தது. ஆனாலும் மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதையாவது நான் சொல்லியிருக்கலாம். அந்த மஞ்சள் பையைத் திறந்தாவது பார்த்திருக்கலாம். அடுத்த வருஷமே எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

இங்கே ஆஸ்திரேலியாவில் ஒரு நாள் முழுநேர ராணுவப் பணி செய்திருந்தாலும், காரணம் கேட்காமல் மனநல சிகிச்சை உண்டு. நஷ்ட ஈடு வேண்டுமென்றால்தான் நிரூபிக்க வேண்டும். இத்தனை இருந்தும், முன்னாள் படைவீரர்களின் தற்கொலை பற்றி விசாரிக்க ராயல் கமிஷன் வைக்க வேண்டி வந்தது. 2024 செப்டம்பரில் அறிக்கை வந்தது.

ஊரில் உங்கள் வீட்டிலும் பட்டாளத்துப் பெரியவர் இருந்தால் சில விஷயங்கள். போர்டு அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஜில்லா சைனிக் அலுவலகம் போங்கள். ஆந்திராக்காரர்களுக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் சென்னையில்தான். தாமதமாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். பென்ஷன் வழக்கில் தாமதத்தை மன்னிப்பதுண்டு. பொதுவாக நிலுவை மட்டும் மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும் என்று 2008-ல் தர்செம் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வருகிறவர்களுக்குப் புது விதிகள். அதைத் தனியாகப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த முறை போன் செய்யும்போது பிரஷர், சுகரோடு நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி தூக்கம் வருதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போர்டு அறையில் சொல்லாததைச் சில சமயம் வீட்டில் சொல்வார்கள்.