கம்பிமயிர் வேட்டைநாய்களில் புறக்கலப்பு

முரட்டு மயிரும் தாடியும் கொண்டு, இரையை மோப்பத்தால் கண்டு நின்று காட்டவும், சுட்டு வீழ்த்தியதை நிலத்திலும் நீரிலும் தேடி எடுத்துவரவும் வல்ல ஐரோப்பிய நாயினங்களை வேறினத்தோடு இணைசேர்க்கும் முறை. இவ்வினங்களே கலப்பில் பிறந்தவைதான்: புடெல்பாயிண்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் பூடிலும் பாயிண்டரும் சேர்ந்து உருவானது. இனப் பதிவேடுகள் வேறின நாய்களுக்கு மூடப்பட்டபின் நெருங்கிய உறவுச் சேர்க்கை பெருகி, மரபணு வளம் சுருங்கியது.

1980களில், இவ்வகை இனங்களுள் ஒன்றான கிரிஃபானுக்கான அமெரிக்கச் சங்கம் ஒன்று, தகுதியான இனப்பெருக்க நாய்கள் அருகியதால், செக் நாட்டின் கம்பிமயிர் இனமான செஸ்கி ஃபௌசெக்கைக் கலந்தது. தூய வரிசையை விரும்பியோர் பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். கலந்தவர்களின் துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் கலப்பு மட்டுமே மருந்தாகாது. ஒடுங்கு மரபணுக் குறைகள் முதல் தலைமுறையில் வெளித்தெரியாமல் தங்கி, பின்னர் தலைகாட்டலாம். ஃபௌசெக்கில் விட்டுவிட்டு வரும் மயிருதிர்வு மரபுவழிப்பட்டது. ஜெர்மன் கம்பிமயிர்ப் பாயிண்டரில் வான் வில்பிராண்ட் இரத்தப்போக்கு நோய் காணப்படுகிறது. அதை மரபணுச் சோதனையால் அறியலாம். இடுப்பு மூட்டுக் குறைபாட்டுக்கு அப்படி ஒற்றை மரபணுச் சோதனை கிடையாது. பெற்றோரோடு உடன்பிறப்புகளின் எக்ஸ்ரே முடிவுகளையும் பார்த்தே இணை தெரிவுசெய்ய வேண்டும். மயிரின் தரமும் வேட்டைத் திறனும் நிலைபெறப் பல தலைமுறைத் தேர்வு தேவை.