கலண்டர் தந்த திருமுகங்கள்

சங்கீத மும்மூர்த்திகள் என்றவுடனே தமிழர் உள்ளத்தில் மூன்று உருவங்கள் எழுகின்றன. தம்புராவுடன் தியாகராஜர், வீணையுடன் முத்துசுவாமி தீட்சிதர், அருகே சியாமா சாஸ்திரிகள். இம்முகங்களை நமக்கு வழங்கியவர் யார்?

சாஸ்திரிகள் மறைந்தது 1827இல். தீட்சிதர் மறைந்தது 1835இல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பெற்றதோ 1839இல்தான். தியாகராஜர் 1847 வரை வாழ்ந்தாரெனினும், அவரைப் புகைப்படம் எடுத்தார் எவருமிலர். ஆகவே, வீடுதோறும் பரவிய அக்கூட்டுருவம் ஓவியர் ஒருவரின் உள்ளத்திலே உருப்பெற்றதாகும். அவர் எஸ். ராஜம். 1919இல் பிறந்து 2010இல் மறைந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்றும் மேனாட்டு முறையை விட்டு அஜந்தாவின் கோட்டுநெறியைத் தழுவியவர். ஓவியர் மட்டுமல்லர், கோடீசுவர ஐயரின் கீர்த்தனங்களைப் பாடிப் பரப்பிய வித்துவான், அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர்.

சபாக்களும் கச்சேரி மேடைகளும் பட்டினங்களுக்கே உரியனவாயிருந்தன. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியையும் கடந்து, கடலும் களப்பும் கூடுகின்ற இறக்கக்கண்டி போன்ற கரையோரச் சிற்றூர்களைக் கச்சேரி நாடி வருவதில்லை. வானொலி வரும்; கடைக்காரர் வழங்கும் கலண்டரும் வரும். முன்னது ஒலியைக் கொணர்ந்தது, பின்னது உருவைக் கொணர்ந்தது. இவ்விரு வாயில்களிலும் நின்று தொண்டாற்றினார் ராஜம்.

மேனாட்டிலும் இத்தகைய அஞ்சலி உண்டு. 'பொப்' கலை எனப்படும் வெகுசனக் கலையின் முதல்வருள் ஒருவரான அண்டி வார்ஹோல், 1963இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் உருவைப் பட்டுத்திரை அச்சிற் பன்முறை பதித்தார். அதற்கு மூலம் திரைப்பட விளம்பரத்திற்கென எடுத்த புகைப்படம். உலகறிந்த முகத்தை அவர் பெருக்கினார். ராஜமோ கண்டாரில்லாத முகங்களைப் படைத்தார். இரண்டாவதே அரிய செயல். அபாயமும் அதிலேதான் உண்டு. கற்பனை உருவம் காலப்போக்கில் வரலாற்றுச் சான்றாகவே கொள்ளப்படுகிறது. தீட்சிதரின் மெய்யுருவம் இதுவே என நம்பும் மாணாக்கருக்கு, இஃது ஓர் இசைவாணர் தம் முன்னோர்க்குச் செய்த வணக்கம் என்று ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும். அதனால் ஓவியத்தின் பெருமை குன்றாது.

இந்திய அஞ்சல் துறை தியாகராஜருக்கு 1961இலும், தீட்சிதருக்கு 1976இலும், சாஸ்திரிகளுக்கு 1985இலும் முத்திரை வெளியிட்டது. அம்மூன்றாம் முத்திரை வருமுன்னரே, பல்லாண்டுகளாக மூவரும் வீட்டுச் சுவர்களில் ஒருங்கே வீற்றிருந்தனர்.