கட்டை சொன்னால் இடம் தெரியும்

தாப்பா வட்டாரத்துப் பெரியவர்களிடம் பழைய தோட்டத்தைப் பற்றிக் கேட்டால், கிலோமீட்டர் கணக்கில் பதில் வராது. "பீடோர் ரோட்டுல மூணாங்கட்டை தாண்டி உள்ளே போகணும்" என்பார்கள். மலாய் மொழியில் 'பத்து' என்ற சொல் கல்லையும் குறிக்கும், மைலையும் குறிக்கும். மலாயாத் தமிழர் அதைக் 'கட்டை' என்றனர். சாலையோர மைல்கல் இப்படித்தான் நம் மக்களின் முகவரி ஆயிற்று.

தூரம் பொறித்த கல்லை வழியோரம் நடுவது பழைய வழக்கம். கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் (685–705) காலத்தில் நடப்பட்ட மைல்கற்கள் பாலஸ்தீனத்தில் கிடைத்துள்ளன. பைத்துல் முகத்தஸுக்கும் டமாஸ்கஸுக்கும் எத்தனை மைல் என்பதை அவை அரபியில் சொல்கின்றன. ஷாஃபிஈ மத்ஹப் நூல்களும் கஸ்ருத் தொழுகைக்குரிய பயணத் தூரத்தை 48 மைல் என்றே கணக்கிட்டன. தமிழகத்தில் தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் தூரம் காதக் கணக்கில் உள்ளது. எழுத்தறியாதவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளக் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள்.

தாப்பாவின் வளர்ச்சியே வழிகளோடு சேர்ந்ததுதான். 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் துறைமுகத்துக்கு இரயில் ஓடத் தொடங்கியது. வடக்கே கம்பார், ஈப்போவுக்கும் தெற்கே பீடோர், தஞ்சோங் மாலிமுக்கும் செல்லும் பெருஞ்சாலை ஊர் நடுவே சென்றது. கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து அமைத்த சாலை 1931இல் திறக்கப்பட்டது. தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவுகள். மலாயாவின் பொதுப்பணித்துறைச் சாலைகளில் மண் வெட்டிக் கல் உடைத்தவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தொழிலாளர்கள். அந்த உழைப்பாளிகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இரப்பர் தோட்டத்து லயத்துக்குத் தெருப் பெயர் ஏது? சாலையின் பெயரும் கட்டை எண்ணும் தோட்டப் பெயரும் சேர்ந்தால்தான் முகவரி. சைக்கிளில் ரொட்டி கொண்டுபோன பாய்க்கும், மாதச் சம்பளத்தை நம்பிக் கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரருக்கும் அந்தக் கணக்கே போதும். எந்தக் கட்டையில் இறங்கி எந்தச் செம்மண் பாதையில் திரும்புவது என்பது வியாபாரத்தின் முதல் பாடம்.

1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்துக்குப் பின் நாடு படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. சாலைகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. 1982இல் தெலுக் ஆன்சன், தெலுக் இந்தான் ஆனது. 1994 செப்டம்பரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், தொலைதூர வாகனங்கள் தாப்பாக் கடைத்தெருவைத் தொடாமலே போகத் தொடங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணம் போயின. கட்டை எண் மட்டும் வாய்வழக்கில் தங்கியிருக்கிறது.

அதுவும் அடுத்த தலைமுறைக்கு விளங்காமல் போகலாம். 'ஐந்தாங்கட்டை' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஊரிலிருந்து எண்ணியது, எந்தச் சாலை என்பது தெரிய வேண்டும். அது தெரிந்தால், கல் இல்லாவிட்டாலும், மைலுக்கு 1.6 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு இடத்தை ஏறக்குறைய கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே உறுப்பினர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள பழைய பிறப்புப் பத்திரம், நிக்காஹ் பதிவு, ஊரிலிருந்து வந்த கடித உறை ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். அவற்றில் உள்ள முகவரியைப் பெரியவர்களிடம் படித்துக் காட்டி, சாலை, கட்டை, தோட்டம், அருகிலிருந்த கடை, பள்ளிவாசல், அடக்கத்தலம் என்று அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்திடம் கொடுங்கள். பாட்டனார் அடங்கிய மண்ணைத் தேடி நம் பேரப்பிள்ளைகள் ஸியாரத்துக்கு வரும் நாளில், இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு தாள் வழிகாட்டும்.