நிவர்த்தனம்: ஒரு சொல்லின் வரலாறு

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு ஒரே சொல் இரு பொருளில் வழங்கக் கேட்பது புதிதன்று. 'நிவர்த்தி' என்றால் தமிழில் நீக்கம். குறை நிவர்த்தி, தோஷ நிவர்த்தி என்கிறோம். திருவிதாங்கூர் வரலாற்றில் 'நிவர்த்தனம்' என்பது விலகி நிற்றலைக் குறிக்கும். இச்சொல் பிறந்த வரலாறு நெய்யாற்றின்கரை, பாறசாலைத் தமிழர் அறியத்தக்கது.

அரசு உத்தியோகத்தில் உரிய பங்கு வேண்டும் என்ற குரல் இங்குப் பழமையானது. உயர் பதவிகளில் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணரே மிகுந்துள்ளனர் என்று 1891இல் 10,000 பேருக்கு மேல் ஒப்பமிட்டு 'மலையாளி மெமோரியல்' அளித்தனர். அன்று முறையீட்டுக்கு இலக்கானோர் தமிழரே என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

1932இல் சட்டசபைச் சீர்திருத்தம் வந்தது. வாக்குரிமை வரியையும் சொத்தையும் சார்ந்திருந்தமையால், மக்கள்தொகைக்கேற்ற இடங்கள் கிட்டா எனக் கண்ட ஈழவர், கிறித்தவர், முஸ்லிம்கள் தேர்தலினின்றும் விலகினர். காந்தியடிகளின் ஒத்துழையாமையினின்று இதனை வேறுபடுத்திக் காட்டவே, வடமொழிப் புலமை மிக்க ஐ. சி. சாக்கோ 'நிவர்த்தனம்' என்னும் பெயரைத் தந்தார். சி. கேசவன் 1935இல் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காகச் சிறை புகுந்தார். பின்னர் உத்தியோக நியமனத்திற்கெனத் தனி ஆணையர் அமர்த்தப்பட்டார். விலகி நின்றதே குறை நிவர்த்திக்கு வழியாயிற்று. இரு பொருளும் ஒன்றாயின.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 16(4) பிரிவு, அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத பிற்பட்ட வகுப்பினருக்கு இடஒதுக்கீடு செய்ய இடமளிக்கிறது. 'போதியது' எது என்று கருதும் பொறுப்பு அரசினுடையது. ஆகவே கேட்போர் கையில் கணக்கு இருத்தல் வேண்டும்.

நம் நிலை யாது? மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளை அப்புறமும் பாறசாலை இப்புறமும் ஆயின.

இப்புறம் நின்றோர்க்கும் உரிமைகள் உள. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு 350-அ பிரிவு கூறுகிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத, கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடந்தருகிறது. எனினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்கும்போது நாமே தயங்கினால், தமிழ்ப் பள்ளிக்கும் தமிழாசிரியருக்கும் எக்கணக்கைக் காட்டுவோம்?

விலகி நின்று வென்றோர் அன்றிருந்தனர். கணக்கில் நின்று வெல்வதே இன்று நம் கடமை.